நானூறு மில்லிவினாடி

ஸ்டார்ட் பொத்தானை அமுக்கி, ‘புரோகிராம்ஸ்’ என்ற வரியின் மேல் மவுஸை வைத்தால் பக்கத்து மெனு உடனே விரியாது. ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் விரியும். விண்டோஸ் 95 வந்த நாளிலிருந்து அந்தத் தயக்கத்தோடு எல்லோரும் பழகிப்போனோம். மெஷின் ஸ்லோ என்று நினைத்துக்கொண்டோம். மெஷினுக்கு அதில் பங்கே இல்லை. ‘400 மில்லிவினாடி பொறுத்திருந்து விரி’ என்று உள்ளே ஓர் எண்ணை எழுதி வைத்திருந்தார்கள். காரணமும் நியாயமானதுதான். மவுஸ் குறுக்கே போகும்போது வழியில் உரசிய வரியெல்லாம் விரிந்து கண்ணைக் குழப்பக் கூடாது அல்லவா? ஆனால் கை பழகியவனுக்கு அந்தக் கால் வினாடி, அரை வினாடி எல்லாம் பெரிய காலம். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை மெனுவைத் திறக்கிறவனுக்குத்தான் அதன் நீளம் தெரியும்.

எனக்குத் தெரிந்தது 1999இல். ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை. 32 எம்பி ரேம், விண்டோஸ் 98, பேஜ்மேக்கர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோவில் நோட்டீஸ் என்று நாள் முழுக்க ஓடும். மாதம் ஒருமுறை சர்வீஸுக்கு வரும் அண்ணன் ஒருவர் சட்டைப்பையில் ஒரு ஃபிளாப்பியோடுதான் வருவார். ஒருநாள் அதை உள்ளே போட்டார். அதிலிருந்த ஒரு ஐஎன்எஃப் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டால்’ கொடுத்தார். அடுத்த நொடியே கண்ட்ரோல் பேனலில் புதிதாக ஓர் ஐகான் முளைத்திருந்தது. ட்வீக் யூஐ.

திறந்ததும் வரிசையாகத் தாவல்கள். முதல் தாவல் மவுஸ். அதில் மெனுவின் வேகத்துக்கு ஒரு தள்ளுகட்டை, அதைச் சோதித்துப் பார்க்கப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஐகான். அண்ணன் கட்டையை இடது கோடிக்கு இழுத்துவிட்டு, “இப்ப ஸ்டார்ட்டைத் தொட்டுப் பாரு தம்பி” என்றார். தொட்டேன். மெனு கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதே பழைய மெஷின், அதே 32 எம்பி. நாலு வருஷமாக உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு எண்ணை மாற்றியது மட்டும்தான் நடந்தது. அன்றிலிருந்து இந்தச் சின்ன மென்பொருளின் மேல் எனக்கு ஒரு பிரியம். அது எங்கே பிறந்தது, எங்கெல்லாம் போனது, ஏன் காணாமல் போனது என்று பல வருஷம் தேடித் தேடிப் படித்திருக்கிறேன்.

கதை விண்டோஸ் 95க்குக் கொஞ்சம் முன்னால் தொடங்குகிறது. விண்டோஸ் 3.1 காலத்தில் இயங்குதளத்தின் அமைப்புகளில் பெரும்பகுதி வின்.ஐஎன்ஐ, சிஸ்டம்.ஐஎன்ஐ என்ற சாதாரண எழுத்துக் கோப்புகளில் இருந்தன. நோட்பேடில் திறந்து ஒரு வரியைத் திருத்திச் சேமித்தால் வேலை முடிந்தது. தப்பு செய்தால் பழைய பிரதியை மேலே போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் 95 இவற்றையெல்லாம் ரிஜிஸ்ட்ரி என்ற ஒரே களஞ்சியத்துக்குள் கொண்டுபோனது. சிஸ்டம்.டேட், யூசர்.டேட் என்று இரண்டு மறைகோப்புகள். மனிதக் கண்ணால் அப்படியே படிக்க முடியாதவை. உள்ளே போக ரெஜ்எடிட் என்று ஒரு கருவி உண்டு, ஆனால் ஸ்டார்ட் மெனுவில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பெயர் தெரிந்தவன் ‘ரன்’ பெட்டியில் தட்டச்சு செய்து திறக்க வேண்டும். திறந்த பிறகும் கிளைக்குள் கிளையாகப் போய்க்கொண்டே இருக்கும். மாற்றியதைத் திரும்பப் பெற ‘அன்டூ’ கிடையாது. இயங்குதளத்தைக் கட்டுகிறவர்கள் பக்கம் இருந்து பார்த்தால் ரிஜிஸ்ட்ரி நல்ல ஏற்பாடு. எல்லாம் ஓரிடத்தில், ஒரே முறையில் இருந்தன. பயன்படுத்துகிறவன் பக்கம் இருந்து பார்த்தால், நேற்றுவரை திண்ணையில் கிடந்த சாவிக்கொத்தை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார்கள்.

விண்டோஸ் 95 வெளிவந்த நாள் 1995 ஆகஸ்ட் 24. அதன் டெஸ்க்டாப், டாஸ்க்பார், எக்ஸ்புளோரர் ஆகியவற்றைக் கட்டிய குழுவை மைக்ரோசாஃப்டில் ஷெல் குழு என்பார்கள். கட்டும் காலத்தில் அவர்கள் தங்கள் சொந்த வசதிக்காகவும், புதிதாகச் சேர்த்த அம்சங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்காகவும் சின்னச் சின்ன நிரல்களை எழுதி வைத்திருந்தார்கள். ‘கேப்வியூ’ என்று ஒன்று: சுருக்கி மூட்டை கட்டிய கேப் கோப்பைச் சாதாரண ஃபோல்டர் போலத் திறந்து காட்டும். ஃபோல்டர் என்ற வடிவமைப்பு எவ்வளவு தூரம் வளைந்துகொடுக்கும் என்று சோதிக்கவும் அது பயன்பட்டது. ‘ரவுண்ட் கிளாக்’ என்று ஒரு வட்டக் கடிகாரம்: சதுரமாக இல்லாத ஜன்னலை 95இல் வரைய முடியும் என்பதைச் சோதித்துப் பார்க்கப் பிறந்தது. ‘குவிக்ரெஸ்’, மெஷினை மறுபடி துவக்காமல் திரையின் அளவை மாற்ற. ‘எக்ஸ்-மவுஸ்’, கிளிக் செய்யாமலே மவுஸ் போகும் ஜன்னலை விழிக்கவைக்க. யூனிக்ஸ் உலகத்தின் எக்ஸ் விண்டோவில் பழகியவர்களுக்கு அது இல்லாமல் கை ஓடாது. வேலை முடிந்ததும் இந்தப் பட்டறைச் சாமான்களை ஒரு மூட்டையாகக் கட்டி ‘பவர்டாய்ஸ்’ என்று பெயர் வைத்து இலவசமாக வெளியிட்டார்கள். இதற்கு எந்த உதவியும் கேட்டு எங்களை அழைக்காதீர்கள் என்ற குறிப்போடு.

அந்த வரிசையில் பிறந்ததுதான் ட்வீக் யூஐ. 1992 முதல் மைக்ரோசாஃப்டில் இருக்கும் ரேமண்ட் சென் அதன் கர்த்தா. விண்டோஸ் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று 2003இலிருந்து வலைப்பதிவில் எழுதிவரும் அதே சென். ரிஜிஸ்ட்ரியில் இன்ன கிளைக்குப் போய் இன்ன எண்ணைப் போடு என்று வாய்வழியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவருடைய கருவி டிக் பெட்டிகளாகவும் தள்ளுகட்டைகளாகவும் மாற்றியது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. விண்டோஸுக்குத் தெரியாத எதையும் ட்வீக் யூஐ செய்யவில்லை. எல்லாச் சுவிட்சுகளும் விண்டோஸ் கட்டியவர்களே வைத்தவை. அவற்றுக்கு வெளியே ஒரு கைப்பிடி மட்டும் கிடையாது. உதாரணத்துக்கு, ஷார்ட்கட் ஐகான்களின் இடது கீழ்மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன அம்புக்குறி. அது பிடிக்காதவர்கள் ஏராளம். படம் போட்ட அழகான ஐகானின் மேல் ஒரு வெள்ளைச் சதுரம் உட்கார்ந்தால் கண்ணை உறுத்தத்தான் செய்யும். அதைக் கையால் எடுக்க வேண்டுமானால் ரிஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன், எக்ஸ்புளோரர், ஷெல் ஐகான்ஸ் என்று ஏழு படி இறங்கி, அங்கே 29 என்ற பெயரில் ஒரு மதிப்பை உருவாக்கி, அதில் வேறோர் ஐகான் இருக்கும் கோப்பின் முகவரியை எழுத வேண்டும். 29 என்பது விண்டோஸின் ஐகான் வரிசையில் அந்த அம்புக்குறியின் இடம். ட்வீக் யூஐயில் எக்ஸ்புளோரர் தாவலுக்குப் போனால் நாலு வட்டங்கள்: அம்பு, மெல்லிய அம்பு, ஒன்றும் வேண்டாம், நானே தருகிறேன். பக்கத்தில் முன், பின் எப்படி இருக்கும் என்று படம். ஏழு படிக்கட்டும் ஒரு கிளிக்கில் முடிந்தது.

புதிய ஷார்ட்கட்டின் பெயருக்கு முன்னால் ‘ஷார்ட்கட் டு’ என்று தானாக ஒட்டிக்கொள்வதை நிறுத்தவும் அங்கேயே ஒரு பெட்டி. ‘பூட்’ தாவலில், கணினி எழும்போது எத்தனை வினாடி எஃப்8 போன்ற விசைகளுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லலாம். ‘ரிப்பேர்’ தாவலில், ஐகான்கள் கலைந்து கறுப்புக் கட்டமாகத் தெரிந்தால் சரிசெய்யலாம். ‘பாரனோயா’ என்று ஒரு தாவல். அதன் வேலை, கடைசியாகத் திறந்த ஆவணங்கள், ‘ரன்’ பெட்டியில் தட்டியவை, தேடியவை எல்லாவற்றின் தடயத்தையும் துடைப்பது. பெயரைப் பார்த்தால் அதீத சந்தேகக்காரர்களுக்கானது போலத் தோன்றும். ஒரே மெஷினில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் உட்காரும் இடங்களில் அது சாதாரணத் தேவை. வாடிக்கையாளரின் பத்திரிகை விவரத்தை அடுத்தவர் பார்க்கக் கூடாது என்பதற்காக நான் அதில் மூன்று டிக் போட்டு வைத்திருந்தேன்.

‘மை கம்ப்யூட்டர்’ தாவலை மட்டும் அப்போது சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஏ முதல் இசட் வரை எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். வேலைக் கோப்புகள் இருந்த டி டிரைவில் கண்டவர்களும் கைவைக்கிறார்களே என்று ஒருநாள் டிக்கை எடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை முதலாளி மெஷினைத் திறந்தால் டி டிரைவே இல்லை. அன்று மதியம் கொடுக்க வேண்டிய இரண்டு கல்யாணப் பத்திரிகைகளும் அதில்தான். ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று அவர் சர்வீஸ் அண்ணனுக்குப் போன் செய்துகொண்டிருந்தபோது நான் உள்ளே நுழைந்தேன். டிக்கைத் திரும்பப் போட்டு, லாக்ஆஃப் செய்து உள்ளே வந்ததும் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. அவர் முகத்தில் அன்று பார்த்த பயம் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. அந்த டிக் கோப்பைப் பூட்டுவதில்லை, டிரைவை வெறுமனே பார்வையிலிருந்து மறைக்கிறது. ‘ரன்’ பெட்டியில் டி என்று தட்டினால் திறந்திருக்கும். பின்னால்தான் படித்தேன்: உள்ளே இருப்பது ‘நோடிரைவ்ஸ்’ என்ற ஒற்றை எண். ஏக்கு 1, பிக்கு 2, சிக்கு 4, டிக்கு 8 என்று இரட்டிப்பாகப் போய்க் கூட்டுத்தொகையாக நிற்கும். எங்கள் அச்சகம் ஒரு காலை முழுக்கக் கலங்கியது ஒரு 8இனால்.

இப்படிக் கலங்கியவர்கள் உலகமெங்கும் இருந்திருக்கிறார்கள். விண்டோஸ் 98 சிடியிலேயே ட்வீக் யூஐயைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். டூல்ஸ், ரெஸ்கிட், பவர்டாய் என்று உள்ளடங்கிய ஃபோல்டரில். அண்ணனின் ஃபிளாப்பிக்கே தேவை இருக்கவில்லை என்பதை நான் தாமதமாகத்தான் அறிந்தேன். ஆனால் அடுத்து வந்த 98 செகண்ட் எடிஷன் சிடியில் அது இல்லை. கண்ணில் பட்டதையெல்லாம் திருகிப் பார்த்துவிட்டு, எதைத் திருகினோம் என்பதை மறந்து, உதவி மையத்தை அழைத்தவர்கள் அவ்வளவு பேர். பவர்டாய்ஸ் என்று தனியாக இறக்கிக்கொண்டவருக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான். விண்டோஸ் சிடியில் வந்ததும் அது விண்டோஸின் ஒரு பகுதியாகிவிட்டது. இரண்டுக்கும் எதிர்பார்ப்பு வேறு. அவர்கள் எடுத்தது சரி என்றே இன்று எனக்குப் படுகிறது. அன்று எங்கள் முதலாளியின் குரலைக் கேட்டவன் நான்.

விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது ட்வீக் யூஐ உடை மாற்றிக்கொண்டது. கண்ட்ரோல் பேனலை விட்டு வெளியேறித் தனி நிரலாயிற்று. மேலே வரிசையாக நின்ற தாவல்கள் போய் இடப்பக்கம் கிளைகளாக ஒரு மரம். அதில் ஒரு பெட்டியை நான் எந்தப் புது மெஷினிலும் முதலில் பார்ப்பேன்: வேறு நிரல்கள் குறுக்கே பாய்ந்து முன்னால் வருவதைத் தடு. நீங்கள் ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது வேறொரு ஜன்னல் குதித்து வந்து பாதி வாக்கியத்தைத் தின்றுவிடுமே, அதற்குத்தான். உள்ளே அதற்கும் ஓர் எண்: 200000 மில்லிவினாடி. கடைசியாக விசையைத் தொட்டு 200 வினாடி ஆகும்வரை மற்றவர்கள் டாஸ்க்பாரில் நின்று மின்னிக்கொண்டிருக்கலாம், முன்னால் வரக் கூடாது. மஞ்சள் பலூன் குறிப்புகளை நிறுத்தும் பெட்டியும் அங்கேதான் இருந்தது.

எக்ஸ்பி காலத்துத் தமிழர்களுக்கு மறைந்திருக்கும் டிக் என்றால் என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. யூனிகோடு தமிழ், லதா எழுத்துரு இரண்டும் எக்ஸ்பிக்குள் இருந்தன. ஆனாலும் பல மெஷின்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி வட்டம் தனியே தொங்கும். ரீஜனல் அமைப்பில், மொழிகள் தாவலில், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்று ஒரு பெட்டி டிக் இல்லாமல் கிடந்ததுதான் காரணம். டிக் போட்டால் எக்ஸ்பி சிடியைக் கேட்கும். சிடி யாரிடம் இருந்தது? அந்த ஒரு டிக்குக்காகச் சிடி கேட்டு நாலு கடை ஏறி இறங்கியவர்களை நான் அறிவேன். அதற்கு ட்வீக் யூஐ உதவவில்லை. ஆனால் வலி ஒன்றுதான்: சுவிட்ச் உள்ளே இருக்கிறது, ஆளுக்குத் தெரியவில்லை.

விஸ்டாவுக்குப் பவர்டாய்ஸ் வரவில்லை. விண்டோஸ் 7க்கும் 8க்கும் வரவில்லை. பழைய விளையாட்டுச் சாமான்களில் சில சத்தமில்லாமல் இயங்குதளத்துக்குள்ளேயே குடியேறிவிட்டன. ஒரு ஃபோல்டரில் இருந்தபடியே கட்டளைச் சாளரத்தைத் திறக்கும் பவர்டாய், விஸ்டாவில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் கிடைத்தது. எக்ஸ்-மவுஸ், விண்டோஸ் 7இல் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் பக்கத்தில் ஒரு வரியாக ஒடுங்கியது. ட்வீக் யூஐக்கு மட்டும் வாரிசு இல்லை. வெளியாட்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள். விஸ்டா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த அல்டிமேட் விண்டோஸ் ட்வீக்கர், பின்னால் செர்கேய் த்கச்சென்கோவின் வினேரோ ட்வீக்கர். ஒவ்வொரு சுவிட்சுக்கும் பெயர் எழுதி, திரும்பப் பழையபடி வைக்கும் வழியும் கொடுத்த நேர்மையான கருவிகள்.

கூடவே வேறொரு கூட்டமும் வந்தது. ‘உங்கள் கணினியில் 1,348 பிழைகள், ஒரே கிளிக்கில் சரிசெய்யுங்கள்’ என்று மிரட்டும் வகை. எதைத் தொடப்போகிறது என்று சொல்லாது, தொட்ட பின்னும் சொல்லாது. நல்ல பெயர் எடுத்த துப்புரவு மென்பொருளுக்கும் ஆபத்து வந்தது. 2017 ஆகஸ்டில் வெளியான சிசி கிளீனர் 5.33 பதிப்புக்குள், அதைத் தயாரித்த இடத்திலேயே யாரோ தீய நிரலைச் செருகிவிட்டார்கள். சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்த பிறகுதான், செப்டம்பரில், விஷயம் வெளியே வந்தது. இயங்குதளத்தின் அடிமடியில் கைவைக்க ஒரு மென்பொருளை அனுமதிக்கிறோம் என்றால், அது யார் கை, என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ட்வீக் யூஐயில் ஒரு டிக் என்றால் ஒரு மாற்றம். டிக்கை எடுத்தால் மாற்றமும் போய்விடும். இவ்வளவு எளிய ஒழுங்கைத்தான் பின்னால் வந்தவர்களில் பலர் கைவிட்டார்கள்.

2019 மே மாதம் மைக்ரோசாஃப்ட் பவர்டாய்ஸை மறுபடி தொடங்குவதாக அறிவித்தது. இந்தமுறை கிட்ஹப்பில், மூலநிரல் திறந்த நிலையில், எம்ஐடி உரிமத்தோடு. செப்டம்பரில் முதல் முன்னோட்டம் வந்தது. திரையைத் தன் விருப்பப்படி கட்டங்களாகப் பிரித்து ஜன்னல்களைப் பொருத்தும் ஃபேன்ஸி சோன்ஸ், விண்டோஸ் விசையோடு சேரும் குறுக்குவழிகளைக் காட்டும் பலகை. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கோப்புகளின் பெயரை மொத்தமாக மாற்ற ஒன்று, விசைகளை இடம்மாற்ற ஒன்று, படத்தில் இருக்கும் எழுத்தை எடுக்க ஒன்று. படங்களின் அளவை மாற்றும் இமேஜ் ரீசைசர் போட்ட சுற்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எக்ஸ்பியில் பவர்டாயாக இருந்தது. விஸ்டாவோடு போயிற்று. பிரைஸ் லாம்ப்சன் என்பவர் அதே யோசனையைத் தானாகப் புதிதாக எழுதித் திறந்த மூலமாக வைத்திருந்தார். அந்தப் பிரதிதான் இப்போது புதிய பவர்டாய்ஸுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

ட்வீக் யூஐ மட்டும் திரும்பவில்லை. புதிய பவர்டாய்ஸ் புதுக் கருவிகளைத் தருகிறது. உள்ளே கிடக்கும் பழைய சுவிட்சுகளுக்குக் கைப்பிடி போடும் வேலையை அது எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு, ஏனென்றால் தேவை அப்படியே இருக்கிறது. 2021இல் விண்டோஸ் 11 வந்ததும் ரைட் கிளிக் மெனு சுருங்கியது. பழகிய வரிகள் எல்லாம் ‘மேலும் காட்டு’ என்பதற்குப் பின்னால் போயின. பழைய மெனுவை வரவழைக்க வழி உண்டு. ரிஜிஸ்ட்ரிக்குள் போய் 32 குறிகள் கொண்ட ஒரு சங்கேதப் பெயரில் கிளை ஒன்றை உருவாக்கி, அதற்குள் இன்னொன்றை உருவாக்கி, அதன் மதிப்பை வெறுமையாக விட வேண்டும். இதை லட்சக்கணக்கானவர்கள் எங்கிருந்தோ நகல் எடுத்து, என்ன ஒட்டுகிறோம் என்று தெரியாமலே கறுப்புச் சாளரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1995இல் ஏழு படிக்கட்டு இறங்கச் சொன்ன அதே நிலை. அன்றைக்கு அந்தக் குழுவுக்குள்ளேயே ஒருவர் உட்கார்ந்து அதற்கு ஒரு டிக் பெட்டி செய்து கொடுத்தார்.

போன மாதம் அக்கா மகள் கல்லூரிக்காக வாங்கிய லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, எல்லாம் புத்தம்புது. “எல்லாம் வேகமாத்தான் இருக்கு மாமா, ஆனா இந்த மெனு மட்டும் ஏன் ஒரு மாதிரி யோசிச்சு யோசிச்சு வருது?” என்றாள். ரைட் கிளிக் செய்து ‘மேலும் காட்டு’ கொடுத்து, பழைய மெனுவில் ‘நியூ’ என்ற வரியின் மேல் மவுஸை வைத்துக் காட்டினாள். அந்தத் தயக்கத்தை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன். ரெஜ்எடிட்டைத் திறந்து, முதலில் அந்தக் கிளையை ஒரு பிரதி எடுத்துவைக்கச் சொன்னேன். எடுத்தாள். கரண்ட் யூசர், கண்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப். அவளே ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டு போனாள். எம் வரிசையில் ‘மெனு ஷோ டிலே’ இருந்தது. அதற்கு எதிரே 400.

“இது என்ன கணக்கு?” என்றாள். சொன்னேன். அழித்துவிட்டு 100 என்று தட்டினாள்.